பட்டா ஒண்ணு சொல்லுது, ஈசி வேற சொல்லுது: கம்பெனிக்கு பூமி வாங்கறப்ப ஆன்லைன்ல எங்கெங்க மாட்டும், எப்படி எடுக்கறது

மில்லு, குடோன், கோழிப்பண்ணை, சோலார்னு எதுக்கோ ஒண்ணுக்கு கம்பெனி பேர்ல பூமி சேக்கற ஆபீஸ்ல உக்காந்திருக்கற ஆளுகளுக்குத்தான் இது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஊரோட மொத்த நிலக் கணக்கு), புலப்படம் (சர்வேயர் வரைஞ்ச அளவுப் படம்) எல்லாம் வருவாய்த்துறையோட இ-சர்வீசஸ் தளத்துல வரும், ஈசிங்கற வில்லங்கச் சான்றும், கைடுலைன் வேல்யூங்கற அரசாங்க வழிகாட்டி மதிப்பும் பத்திரப்பதிவுத்துறையோட டிஎன் ரெஜிநெட்ல வரும், ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல தெரியறதால ஒரே கணக்குன்னு நெனச்சுக்கறோம், அப்படி இல்லீங்க. பத்திர ஆபீஸ் எழுதறது யாரு யாருக்கு வித்தாங்கன்னு, தாலுக்கா எழுதறது யாரு பேர்ல தீர்வை (நில வரி) நிக்குதுன்னு, சர்வேயர் வரையறது கல்லு எங்க இருக்குன்னு. மூணும் தனித்தனியா வளந்த ரெக்கார்டு. அதனால எது ஒத்துவரலைன்னாலும் மொதல்ல எந்த ரெக்கார்டு பின்தங்கி நிக்குதுன்னு பாருங்க, அப்பத்தான் எந்த ஆபீஸ் படி ஏறணும்னே தெரியும். இல்லைன்னா தாசில்தார்கிட்ட போயி ஈசியைத் திருத்தச் சொல்லிட்டு நிப்பீங்க.

ஊர் பேரே லிஸ்ட்ல வரமாட்டேங்குது

நம்ம பக்கம் பாதி ஊரு பாளையத்துல முடியும், அதுல பாதி குக்கிராமந்தான், வருவாய் கிராமத்தோட பேரு வேற ஒண்ணா இருக்கும். வீட்டு வரி ரசீதுல இருக்கற பஞ்சாயத்து பேரும் அதுவா இருக்கணும்னு இல்லை. பத்திரத்துல சொத்து விவரம் எழுதியிருக்கற எடத்துல "இன்ன கிராமம், க.ச. நெம்பர்"னு (அதாவது சர்வே நெம்பர்) வர்ற பேருதான் வருவாய் கிராமம், அதை வெச்சு தேடுங்க.

அப்படியும் வரலைன்னா மாவட்டத்தையும் தாலுக்காவையும் பாருங்க. ஈரோடு 1979ல கோயமுத்தூர்ல இருந்து பிரிஞ்சுது, கொஞ்ச வருசம் அதுக்கு பெரியார் மாவட்டம்னு பேரு, அப்புறம் 2009ல திருப்பூர் மாவட்டம் வந்து அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் கோயமுத்தூர்ல இருந்தும், தாராபுரம், காங்கயம் ஈரோட்டுல இருந்தும் போயிருச்சு. ஆக ஒரே தாராபுரத்துக் காட்டுக்கு 1975 பத்திரத்துல கோயமுத்தூர் ஜில்லான்னும், 1990ல பெரியார் மாவட்டம்னும், இப்ப திருப்பூர்னும் இருக்கும். அன்னூர், பேரூர், மதுக்கரை, கிணத்துக்கடவு எல்லாம் பின்னாடி தனித் தாலுக்கா ஆனது. பட்டாவுக்கு இன்னைக்கு இருக்கற தாலுக்காவைப் போடணும். ஈசிக்கு அப்படி இல்லை, அதைக் கீழ சொல்றேன்.

சர்வே நெம்பர் போட்டா விவரம் இல்லைன்னு வருது

முக்காவாசி காரணம் யூடிஆர் தான். 1979லிருந்து 1987 வரைக்கும் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துல ஊர் ஊரா போயி உட்பிரிவு பண்ணுனாங்க, ஏக்கர் செண்ட்டு ஹெக்டேர் ஏர் ஆச்சு, 214/2ன்னு இருந்தது 214/2ஏ, 2பின்னு ஆயிருச்சு. ஆனா கெரயப் பத்திரம் எழுதறவங்க பழைய பத்திரத்தைப் பாத்து அப்படியே 214/2ன்னே எழுதிட்டு வந்திருப்பாங்க. அதனால உட்பிரிவை நீங்களா அடிக்காதீங்க, வெறும் 214ன்னு மட்டும் போட்டா உட்பிரிவு எல்லாம் வரிசையா கீழ எறங்கும், ஒவ்வொண்ணா தொறந்து யாரு பேரு, எத்தனை ஏர்னு பாத்துட்டு வாங்க. பத்து நிமிசம் ஆகும், ஆனா பக்கத்துக் காட்டுக்காரங்க யாருன்னும் சேந்து தெரிஞ்சுரும்.

மாநகராட்சி, நகராட்சிக்குள்ள போயிட்ட எடம்னா ஊரகத்துல தேடி பிரயோசனமே இல்லை, நகர சர்வே முடிஞ்சிருந்தா வார்டு, பிளாக், டிஎஸ் (நகர சர்வே) நெம்பர்னு வேற கணக்கு. பழைய எஸ்எஃப் நெம்பருக்கு (ஊரக சர்வே நெம்பர்) எந்த டிஎஸ் நெம்பர்ங்கற பட்டியல் தாலுக்கா சர்வே செக்ஷன்ல இருக்கும், அதைத்தான் கேக்கணும். நத்தம்னா, அதாவது ஊருக்குள்ள குடியிருப்பு எடம்னா, அதுக்கும் தனி ரெக்கார்டு. ஓடிபி வரல, பக்கம் சுத்திட்டே இருக்குதுன்னா அது ஒண்ணுமில்ல, காலைல சீக்கிரமா போட்டுப் பாருங்க.

பட்டா இன்னும் அப்பாரு பேர்லயே நிக்குது

விக்கறவரு பேரன், பட்டா தாத்தா பேர்ல, இல்லைன்னா நாலஞ்சு பங்காளிக பேர்ல கூட்டுப்பட்டா. இது சைட்டு தப்பு இல்லை, குடும்பத்துல பாகம் பிரிச்சாங்க, தாலுக்காவுல சொல்லலை, அவ்வளவுதான். பாகப்பத்திரம் பதிவாயிருக்கான்னு ஈசில பாருங்க. பதிவாயிருந்தா பட்டா மாறுதல் பண்ணிட்டு வரச் சொல்லுங்க, அது அவங்க வேலை, கம்பெனி வாங்கின பின்னாடி நாம பண்ணிக்கலாம்னு ஒத்துக்காதீங்க. வாய்மொழியா பாகம் பிரிச்சு ஆளாளுக்கு வேலி போட்டுட்டு ஓட்டிட்டு இருக்காங்கன்னா, பட்டால இருக்கற அத்தனை பேரோட வாரிசுகளும் கையெழுத்துப் போடணும், அதுல கட்டிக்குடுத்த பொம்பளப்புள்ளைகளும் சேத்தி. அவங்களை விட்டுட்டு வாங்கின பூமி பின்னால கோர்ட்டுக்குத்தான் போகும், நம்ம ஏரியால இந்த வழக்குக்குப் பஞ்சமே இல்லை.

யூடிஆர்ல பேரே தப்பா விழுந்திருந்தா அதுக்கு வழி வேற. எழுத்துப்பிழை மாதிரி சின்னதுன்னா தாலுக்காவுலயே முடியும். வேற ஆளு பேரு ஏறியிருந்தா மனு, விசாரணைன்னு டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) வரைக்கும் போகும், மாசக்கணக்குல இழுக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி அட்வான்ஸ் ஒப்பந்தத்துல கெடு வைங்க.

பத்திரத்துல 4.12 ஏக்கர், சிட்டால கம்மியா காட்டுது

மொதல்ல கணக்கு சரியான்னு பாருங்க. சிட்டால 1-62-00ன்னா 1 ஹெக்டேர் 62 ஏர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் 2.47 செண்ட்டு, அப்ப 1-62-00ங்கறது 4 ஏக்கர். 4.12 இருக்கணும்னா 1-66-70 பக்கம் இருந்திருக்கணும். 12 செண்ட்டு எங்கயோ போயிருக்குது.

எங்க போச்சுன்னு புலப்படத்துல பாருங்க. ரோட்டை ஒட்டுன பூமின்னா ரோட்டுக்கு எடுத்திருப்பாங்க. பவானி, கோபி, பெருந்துறை, காங்கயம் பக்கம்னா கீழ்பவானி வாய்க்காலுக்கோ அதோட கிளைக்கோ 1950கள்லயே எடுத்திருப்பாங்க, பல்லடம் பொள்ளாச்சி பக்கம்னா பிஏபிங்கற பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால். பட்டால கழிச்சுட்டாங்க, பத்திரத்துல மட்டும் தாத்தா காலத்து 4.12 தலைமுறை தலைமுறையா காப்பி ஆயிட்டே வந்திருக்கும். விக்கறவரு ஏமாத்தறாருன்னு சண்டைக்குப் போகாதீங்க, அவருக்கே தெரியாம இருக்கும். விலையை மட்டும் பட்டா அளவுக்கும், அளந்து பாத்த அளவுக்கும் எது கம்மியோ அதுக்கு பேசுங்க.

புலப்படத்தை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வெச்சு அளக்கறதா இருந்தா பேப்பருக்குத் தகுந்த மாதிரி சுருக்கற ஆப்ஷனை எடுத்துட்டு நூறு சதவீதத்துல எடுங்க. அதைவிட நல்லது கோட்டு மேல எழுதியிருக்கற மீட்டரை வெச்சு கணக்குப் போடறது.

ஈசி போட்டா நில் வருது, ஆனா கையில பத்திரம் இருக்குது

இதுதான் ரொம்பப் பேரை நம்ப வெச்சு கழுத்தறுக்கற எடம், நில், அதாவது எந்தப் பதிவும் இல்லைன்னு, வந்தா வில்லங்கமே இல்லைன்னு சந்தோசப்பட்டுருவாங்க. கையில இருக்கற கெரயப் பத்திரமே ஈசில வரலைன்னா அப்ப அடமானம் மட்டும் எப்படி வரும்?

ஆன்லைன்ல பெரும்பாலான ஆபீஸுக்கு 1975லிருந்துதான் இருக்கும், அதுக்கு முந்தினது ஆபீஸ்ல மனு குடுத்து புக்கைப் பொரட்டித்தான் வரணும். அடுத்தது, அந்த ஊரு முன்னாடி எந்த சப்ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்துச்சுன்னு கேளுங்க, எல்லை மாறியிருந்தா பழைய காலத்துக்குப் பழைய ஆபீஸ் பேர்ல ஒருக்கா போட்டுப் பாக்கணும். அப்புறம் 214/2ஏன்னு மட்டும் போட்டா 214/2ன்னு எழுதுன பத்திரம் வராது, அதனால 214, 214/2, 214/2ஏ மூணுக்கும் தனித்தனியா போடுங்க. கையில இருக்கற பத்திரத்தோட நெம்பரும் வருசமும் வெச்சு ஆவணம் வாரியாவும் தேடுங்க, அதுல எந்த சர்வே நெம்பர் ஏறியிருக்குன்னு தெரிஞ்சா ஏன் வரலைங்கறதும் தெரிஞ்சுரும், பதிவு பண்றப்ப ஒரு நெம்பரை மாத்தி அடிச்சிருப்பாங்க.

இத்தனையும் பண்ணுனாலும் ஈசில வராத சங்கதி இருக்குது. பதிவாகாத ஒப்பந்தம், உயில், கோர்ட்ல நடக்கற வழக்கு, தாய்ப்பத்திரத்தை பாங்க்ல குடுத்துட்டு பதிவு பண்ணாம வாங்கின கடன். கடனுக்கு செர்சாய்ங்கற அடமானப் பதிவுத் தளத்துல சொத்தை வெச்சு தேடிப் பாருங்க, அது 2011லிருந்து இருக்குது, கட்டணமும் சின்னதுதான். விக்கறதே ஒரு கம்பெனின்னா கம்பெனி விவகார அமைச்சகத்தோட தளத்துல அவங்க மேல என்னென்ன சார்ஜ் (கடனுக்கு ஈடு) நிக்குதுன்னு பாருங்க. வழக்குக்கு இ-கோர்ட்ஸ்ல பட்டாதாரர் பேரு, அவங்க அப்பா பேருன்னு ரெண்டு மூணு ஸ்பெல்லிங்குல போட்டுப் பாக்கணும்.

கைடுலைன் வேல்யூ பூஜ்யம்னு வருது

சும்மா வராதுங்க. கோயில் நிலம், வக்ஃபு, அரசு நிலம், பூமிதான நிலம் மாதிரி பதிவுச் சட்டம் 22ஏ பிரிவுல வர்றதை பதிவு பண்ண முடியாதபடி மதிப்பை பூஜ்யமாக்கி வெச்சிருப்பாங்க. ஒரு உட்பிரிவு மட்டும் கோயிலோடதா இருந்து முழு சர்வே நெம்பரும் மாட்டிக்கறதும் உண்டு, அப்படின்னா அறநிலையத்துறைகிட்ட தடையில்லாச் சான்று வாங்கி எடுக்கலாம். வேல்யூ இருக்குது, ஆனா அ-பதிவேட்டுல குறிப்பு காலத்துல "அனாதீனம்" (உரிமையாளர் இல்லாதது), "தரிசு", நிபந்தனைப் பட்டா (அரசாங்கம் நிபந்தனையோட குடுத்தது)ன்னு எதாச்சும் எழுதியிருந்தா அங்கயே நில்லுங்க. பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசாங்கம் ஒதுக்குன நிலம்) விசயத்துல யூடிஆர்ல அந்தக் குறிப்பே விட்டுப் போன ஊரும் இருக்குது, அதனால யூடிஆருக்கு முந்தின செட்டில்மெண்ட் பதிவேட்டையும் எடுத்துப் பாக்கணும், அது ஆன்லைன்ல வராது. இந்த வகை நிலத்தை எவ்வளவு கம்மியா குடுத்தாலும் வாங்கவே கூடாதுங்கறது என் அபிப்ராயம்.

நேர்ல தடம் இருக்குது, புலப்படத்துல இல்லை

லாரி போற அளவுக்கு தடம் இருக்கும், படத்துல ஒரு கோடும் இருக்காது. பத்திரத்துல "மாமூல் தடத்தில் போக வர பாத்தியம்"னு எழுதியிருக்கும், எத்தனை அடி அகலம், யாரோட சர்வே நெம்பர் வழியா போகுதுன்னு எழுதியிருக்காது. மாட்டு வண்டிக்கு அது போதும், கண்டெய்னருக்கும் பிளான் அப்ரூவலுக்கும் போதாது. தடம் போற பூமிக்காரங்ககிட்ட அகலத்தோட, சர்வே நெம்பரோட தனியா தடப் பாத்தியம் எழுதி பதிவு பண்ணுங்க, அதை பூமி கெரயத்துக்கு முன்னாடியே பண்ணுங்க, வாங்கின பின்னாடி கேட்டா அவங்க சொல்றதுதான் விலை.

இதுக்கு நேர் எதிரா இட்டேரி, அதாவது காடுகளுக்கு நடுவுல போற பழைய வண்டித்தடம். படத்துல தனி நெம்பர்ல வண்டிப்பாதை புறம்போக்குன்னு இருக்கும், நேர்ல பாத்தா கள்ளியும் கிலுவையும் மூடி ஆள் போக வழியில்லாம கெடக்கும். ரெண்டு பக்கமும் நம்ம பூமிதானேன்னு நடுவுல இருக்கறதையும் சேத்து காம்பவுண்டு போட்டா அது ஆக்கிரமிப்பு. பள்ளம், ஓடைக்கும் அதேதான், தண்ணி போயி எத்தனை வருசமானாலும்.

கெணறையும் இங்கயே பாத்துருங்க. ரேட்டு பேசி முடிச்சப்புறம் ஆளு மெதுவா சொல்லுவாரு, "கெணத்துல பாதி எங்க பெரியப்பன் ஊட்டுக்குங்க, அவங்க முறைக்கு வந்து மோட்டார் போடுவாங்க, அதொண்ணுந்தானுங்க." அதொண்ணுதான்னு விட்டா ஃபேக்டரிக்குள்ள ஒரு குடும்பம் தண்ணி பாச்ச வந்து போகும். பட்டால கெணத்துப் பங்கு வராது, பாகப்பத்திரத்துல "கிணற்றில் பாதி பாகமும், மின்மோட்டார் சர்வீஸும்"னு கடைசி வரியில கெடக்கும், அதைப் படிக்கணும். அந்த விவசாய இலவச கரண்டு சர்வீஸை கம்பெனி வேலைக்கு ஒரு பல்பு எரியக்கூட உபயோகப்படுத்தக் கூடாது.

நம்ம எக்செல்ல சர்வே நெம்பர் எல்லாம் தேதியா மாறிப்போச்சு

இது கவர்மெண்டு தப்பு இல்லை, ஆனா நெறைய ஆபீஸ்ல பாக்கறது. 3/12ன்னு அடிச்சா எக்செல் அதை டிசம்பர் 3ன்னு எடுத்துக்கும். 1-12-50ன்னு பரப்பு அடிச்சா 1950 டிசம்பர் 1. உட்பிரிவை மட்டும் தனிக் காலத்துல 5இ2ன்னு இங்கிலீஷ் எழுத்துல போட்டா அது ஐநூறுன்னு ஆயிரும். சேவ் பண்ணி மூடுனா பழையது திரும்ப வராது. டேட்டா ஒட்டறதுக்கு முன்னாடியே அந்தக் காலத்தை டெக்ஸ்ட்டுனு மாத்திருங்க. ஹெக்டேர், ஏரை ஒரே செல்லுல போடாம தனித்தனி காலம் வைங்க, ஏக்கர் ஃபார்முலால வரட்டும். கிராமம், சர்வே நெம்பர், உட்பிரிவு மூணும் சேந்ததுதான் ஒரு துண்டுக்கு அடையாளம், பட்டா நெம்பரை வெச்சு லிஸ்ட் போடாதீங்க, மாறுதல் ஆனா அது மாறிரும்.

மேப்புல ஏத்தறவங்களுக்கு ஒண்ணு. யூடிஎம்ங்கற மேப் ஆயத்தொலைவு கணக்குல 78 டிகிரி தீர்க்கரேகைல மண்டலம் மாறுது, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு 43ல வரும், கரூரும் நாமக்கல்லும் 44ல வரும். ரெண்டையும் ஒரே மண்டலம்னு வெச்சு ஏத்துனா கரூர்ல வாங்கின காடு லட்சத்தீவு பக்கம் கடலுக்குள்ள போயி நிக்கும். அது பரவால்ல, பாத்த உடனே தெரிஞ்சுரும். புலப்படத்தை கூகுள் எர்த் மேல கண்ணளவா இழுத்து ஒட்டுன படந்தான் மோசம், பத்து மீட்டர் தள்ளி இருந்தாலும் பாக்க சரியாவே இருக்கும். கல்லு இருக்கற எடத்துல சர்வேயரை வெச்சு டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ்) அளவு எடுக்காம அதை நம்பி வேலி போடாதீங்க.

லிஸ்ட்டை கூட்டறப்ப இன்னொண்ணு. 1961 நில உச்சவரம்புச் சட்டம் கம்பெனிக்கும் உண்டு, 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தோட தரத்தை வெச்சுப் போடற கணக்கு), புஞ்சைன்னா சாதா ஏக்கர்ல அதைவிட கூட வரும். அதைத் தாண்டி தொழிலுக்கு வெச்சுக்கணும்னா 37ஏ பிரிவுல அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கணும். எந்த சைட்டும் இதை எச்சரிக்கை பண்ணாது, நம்ம லிஸ்ட்டுலதான் ஒரு வரி வெச்சுக்கணும்.

பதிவு முடிஞ்சுது, பட்டா மாறல

முழு உட்பிரிவையும் வாங்கி, வித்தவரு பேர்லயே தனிப்பட்டாவும் இருந்தா பதிவோட சேந்து தானாவே மாறும். கூட்டுப்பட்டா, இல்லை உட்பிரிவுல ஒரு பகுதி மட்டும்னா சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு பண்ணித்தான் வரும். மனு நெம்பரை வெச்சு யாருகிட்ட நிக்குதுன்னு பாருங்க, விஏஓவா, சர்வேயரா, மண்டலத் துணை தாசில்தாரான்னு காட்டும், நிக்கற ஆளைத்தான் பாக்கணும். கம்பெனி பேரை பத்திரத்துல எழுதுன மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடுங்க, பிரைவேட் லிமிடெட்டை ஒரு எடத்துல சுருக்கியும் ஒரு எடத்துல விரிச்சும் போட்டு திரும்பி வந்த மனு ஏராளம். டைரக்டர் பேர்ல பட்டா விழுந்திருந்தா உடனே திருத்துங்க, அவரு விலகுன பின்னாடி அது பெரிய தலைவலி.

எல்லாம் சுத்தம், ஆனா ஃபேக்டரிக்கு அனுமதி வரல

பட்டாவும் ஈசியும் மண்ணோட ஓனர்ஷிப்பைத்தான் சொல்லும், அங்க என்ன கட்டலாம்னு சொல்லாது. விவசாய நிலம்னா வகைமாற்றம் வாங்கணும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துல ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியல்ல இருக்கற கிராமமான்னு பாக்கணும். சாயப்பட்டறை மாதிரி கடுமையா மாசுபடுத்தற தொழில்னா நொய்யல், பவானி, அமராவதி, காவிரில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள கூடாதுன்னு 1989லயே அரசாணை இருக்குது. அடியில கேஸ் பைப்லைன் போகுதான்னும் கேளுங்க, 1962 பைப்லைன் சட்டத்துல உபயோக உரிமை மட்டும் எடுப்பாங்க, பட்டா மாறாது, ஈசிலயும் தெரியாம இருக்கும், ஆனா அந்தப் பட்டைக்கு மேல கட்டடம் கட்ட முடியாது.

வாங்கின பூமிக்கு கையகப்படுத்தற நோட்டீஸ் வருது

இல்லைன்னா வாங்கறதுக்கு முன்னாடியே அரசாங்கம் எடுத்திருக்கும், பட்டால மாத்தாம விட்டிருப்பாங்க. விளாங்குறிச்சி, காளப்பட்டி பக்கம் ஹவுசிங் போர்டு விவகாரத்துல எத்தனையோ பேரு தடையில்லாச் சான்றுக்கு அலைஞ்சது இதனாலதான். வாங்கறதுக்கு முன்னாடி சர்வே நெம்பர் போட்டு ஹவுசிங் போர்டு, சிப்காட் (அரசாங்கத் தொழிற்பேட்டை நிறுவனம்), நெடுஞ்சாலைன்னு மூணு எடத்துலயும் எழுத்துல கேட்டு பதில் வாங்குங்க, தகவல் உரிமைச் சட்டத்துலயாவது.

நோட்டீஸ் வந்துருச்சுன்னா மொதல்ல எந்தச் சட்டம்னு பாருங்க. ரோட்டுக்கு, சிப்காட்டுக்கு, மத்ததுக்குன்னு சட்டம் வேற, கெடுவும் வேற, நோட்டீஸ்லயே இருக்கும். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம்னா 11வது பிரிவு அறிவிப்பு வந்ததுக்கப்புறம் கலெக்டர் அனுமதி இல்லாம விக்கவோ அடமானம் வெக்கவோ முடியாது, ஆட்சேபணைக்கு 60 நாள். சர்வே நெம்பரும் பரப்பும் பட்டாவோட ஒத்துப் போகுதான்னு பாத்து, ஒத்துவரலைன்னா அதை எழுதுங்க, கட்டடம், போர்வெல், மரம் விட்டுப் போயிருந்தா போட்டோ தேதியோட சேருங்க. இழப்பீடு பாக்கறப்ப முந்தின மூணு வருசத்துல சுத்துவட்டாரத்துல நடந்த கெரயத்துல விலை கூடின பாதியோட சராசரியையும் பாக்கணும், அதனால அக்கம்பக்கத்து சர்வே நெம்பருக்கெல்லாம் ரெஜிநெட்ல ஈசி போட்டு, நல்ல விலைக்குப் போன பத்திரங்களோட சான்றிட்ட நகலை இப்பவே எடுத்து கோப்புல வைங்க, ஆபீஸ்ல அவங்களா தேடி எடுத்து வெப்பாங்கன்னு உக்காராதீங்க. மனுவைக் குடுத்துட்டு தேதி போட்டு சீல் வெச்ச நகலை வாங்காம வெளிய வராதீங்க.